கல்லடியில் ஸ்பைடர்மேன்: 12 நிமிட ரசிகர் படம், கையில் 80,000 ரூபாய். ஆலோசனை சொல்லுங்கள்

வாவிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மட்டக்களப்பு, கல்லடியில் ஐந்து பேர். இரண்டு பேர் கல்யாண வீடியோ எடுப்பவர்கள், ஒருவர் கராத்தே பழகியவர், ஒருவர் கணினியில் கிராபிக்ஸ் செய்வார். கதையும் இயக்கமும் நான். 12 நிமிடத்துக்கு ஒரு ஸ்பைடர்மேன் ரசிகர் படம் எடுக்கப் போகிறோம். சேர்த்து வைத்திருக்கும் காசு 80,000 ரூபாய். கமரா வாங்கும் எண்ணம் இல்லை. இரண்டு நல்ல போன்களும், ஒரு ஸ்டான்டும், கல்யாண வீட்டுக்குப் பாவிக்கும் மூன்று எல்இடி லைட்டுகளும் இருக்கின்றன.

கதை சின்னது. இரவு ஒழுங்கையில் ஒரு வயதான அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். நம் பொடியன் கூரை மேலால் துரத்துகிறான். பழைய கல்லடிப் பாலத்தில் பிடிக்கிறான்.

சிக்கல் எங்கே என்றால், ஸ்பைடர்மேன் வலை எறிந்து ஆடிப் போகவேண்டும். நியூயோர்க்கில் அதற்குத் தலைக்கு மேலே கட்டடம் இருக்கிறது. கல்லடியில் மேலே பார்த்தால் தென்னையும் தொலைபேசிக் கோபுரமும்தான். வலையை எதில் எறிவான்? ஒரு கிழமையாக இதிலேயே நிற்கிறோம்.

படுவான்

தம்பி, முயற்சிக்கு வாழ்த்து. ஆனால் முதலில் ஒன்று கேட்கிறேன். ஏன் ஸ்பைடர்மேன்? வலை எறிய இடமே இல்லாத ஊருக்கு அந்த நாயகனை ஏன் கூட்டி வரவேண்டும்? சொந்தமாக ஒருவனை உருவாக்கினால் இந்தச் சிக்கலே வராது. நாளைக்கு யாரும் உரிமை கேட்டு வரவும் மாட்டார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் யானை வேலிக்கும் வயலுக்கும் நடுவில் காவல் இருக்கிறவர்களைப் பார்த்தாலே பத்து நாயகர்களுக்குக் கதை கிடைக்கும்.

வாவிக்கரை

அண்ணன், இதை நாங்களும் பேசினோம். சொந்த நாயகன் என்றால் 12 நிமிடத்தில் பாதி அவன் யார், சக்தி எப்படி வந்தது என்று சொல்வதிலேயே போய்விடும். சிவப்பு நீல உடுப்பைக் கண்டால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நேரே கதைக்குள் போகலாம்.

இன்னொரு காரணம் எனக்குப் பெரியது. 1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அவனை உருவாக்கியபோதே அவன் காசில்லாத வீட்டுப் பொடியன். தாய் தகப்பன் இல்லாமல் பெரியப்பா பெரியம்மாவிடம் வளர்ந்தவன். எங்கள் ஒழுங்கையில் தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போக, பெரியம்மாவிடமோ அம்மம்மாவிடமோ வளர்ந்த பொடியன்கள் எத்தனை பேர். நானும் அப்படி வளர்ந்தவன்தான். மற்ற நாயகர்களில் ஒருவன் கோடீஸ்வரன், ஒருவன் வேற்றுக் கிரகத்துக்காரன். இவன் ஒருவன்தான் சந்தியில் நின்று சில்லறை எண்ணி பஸ் ஏறக்கூடியவன். அதனால்தான் இவன்.

படுவான்

சரி. இப்போது விளங்குகிறது. அந்தப் பெரியம்மா படத்தில் வருகிறாவா? நீங்கள் சொன்ன கதையில் அவ இல்லையே.

எழுவான்

கிராபிக்ஸ் பக்கம் நான் சொல்கிறேன். ஆடும் காட்சியைக் கைவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். ஒன்றே ஒன்று வையுங்கள், நன்றாகச் செய்யுங்கள். ரசிகர் படங்களில் ஆட்டம் பொய்யாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் வேகம்தான் காரணம். 10 மீட்டர் கயிற்றில் தொங்கும் ஆள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 3 செக்கனுக்கு மேல் எடுக்கும். ஆளின் நிறைக்கும் அதற்கும் தொடர்பில்லை, கயிற்றின் நீளம்தான் கணக்கு. செக்கனுக்கு 25 பிரேம் வேகத்தில் அது ஏறக்குறைய 80 பிரேம். பலர் அதை 30 பிரேமில் முடித்துவிடுவார்கள். உடனே ஆள் பஞ்சுப் பொம்மை மாதிரித் தெரிவான். பிளெண்டர் மென்பொருளில் செய்யும்போது இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். அடியில் வேகம் கூடும், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் நின்று திரும்பும்.

போனில் எடுக்கும்போது 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிடுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 24 பிரேமும் 1/48-உம் என்று யூடியூபில் அமெரிக்கர் சொல்வதைக் கேட்டு எடுத்தால் டியூப் லைட் வெளிச்சம் துடிக்கும். வெள்ளைச் சமநிலையையும் பூட்டுங்கள். அப்புறம், போன் வீடியோவில் பிரேம் வேகம் ஒரே சீராக இருக்காது. நேரே எடிட்டுக்குப் போட்டால் கொஞ்ச நேரத்தில் உதடும் குரலும் விலகும். முதலில் ஹாண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றுங்கள். எடிட்டுக்கும் கலருக்கும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே உங்களுக்குத் தாராளம்.

சுவரில் ஏறுவதற்குக் கயிறு வேண்டாம். தரையில் தவழவிட்டு கமராவை 90 பாகை திருப்புங்கள். 1966-இல் வந்த பட்மேன் தொலைக்காட்சித் தொடரிலேயே அப்படித்தான் சுவர் ஏறினார்கள். தலைகீழாகத் தொங்குவதும் அப்படித்தான். ஆளை ஒரு பெட்டியில் உட்காரவைத்து கமராவைத் தலைகீழாகப் பிடித்தால் போதும். முகமூடி இருப்பதால் முடி தொங்கவில்லையே என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

களரி

எனக்கு சினிமா தெரியாது. சின்ன வயதிலிருந்து வடமோடிக் கூத்து ஆடுகிறேன். முகமூடி என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது.

வட்டக்களரியில், அதாவது எங்கள் வட்டமான கூத்து மேடையில், நாலு பக்கமும் சனம் இருக்கும். ஒரு நேரத்தில் பாதிப் பேருக்கு ஆட்டக்காரரின் முதுகுதான் தெரியும். அதனால் வருவது அரசனா, சேவகனா, நல்லவனா, கெட்டவனா என்பதை வரவு ஆட்டத்திலேயே காலாலும் தோளாலும் காட்டிவிட வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதற்கென்று தாளம் இருக்கிறது. முகத்தை நம்பி ஆடினால் களரியில் தோற்றுப் போவோம்.

உங்கள் பொடியனுக்கும் அதே நிலைதான். உடுப்பைப் போட்டால் கண்ணும் தெரியாது, வாயும் தெரியாது. கராத்தே பழகியவர் என்றீர்கள். அவர் சண்டையில் நன்றாகத்தான் இருப்பார். சண்டை இல்லாத நேரத்தில் என்ன செய்வார்? பயந்தால் எப்படி நிற்பார், வெட்கப்பட்டால் எப்படி நிற்பார்? அவரைக் கூத்துப் பழகும் இடத்துக்கு நாலு கிழமை அனுப்புங்கள். கூத்து ஆடச் சொல்லவில்லை, நிற்கவும் திரும்பவும் பழகட்டும்.

நாங்கள் ஒரு கூத்துக்குச் சட்டம் (அவரவர் பாட்டு எழுதிய ஏடு) கொடுத்து, மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அடுக்கு (கடைசி ஒத்திகை) பார்த்து, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றுவோம். நீங்கள் எத்தனை நாள் ஒத்திகை வைத்திருக்கிறீர்கள்?

வாவிக்கரை

களரி அண்ணாவி ஐயா, உண்மையைச் சொன்னால் இரண்டு நாள் நினைத்திருந்தோம். மாற்றுகிறோம். நீங்கள் பழக்கும் இடத்துக்கு நானும் அவரோடு வருகிறேன்.

படுவான் அண்ணன் கேட்ட கேள்விக்கு: இல்லை, பெரியம்மா வரவில்லை. அதைத்தான் நேற்று இரவு முழுக்க யோசித்தேன்.

கல்முனை_தையல்

உடுப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே, நான் சொல்கிறேன். கல்முனையில் 14 வருடமாகத் தைக்கிறேன், நடனப் பிள்ளைகளுக்கும் தைத்திருக்கிறேன்.

இணையத்தில் விற்கும் மலிவான உடுப்பை வாங்காதீர்கள் தம்பி. முழங்காலை மடக்கினால் சுருங்கி நிற்கும், கமராவில் பைஜாமா மாதிரி இருக்கும். நாலு பக்கமும் இழுபடும் லைக்ரா துணி வாங்குங்கள். உடம்பளவை விடக் கொஞ்சம் குறைத்து வெட்டவேண்டும். எவ்வளவு குறைப்பது என்பது துணி எவ்வளவு இழுபடும் என்பதைப் பொறுத்தது. ஒரு சாண் வெட்டி இழுத்துப் பார்க்காமல் கத்தரி வைக்கவேண்டாம். நேர்த் தையல் போட்டால் முதல் பாய்ச்சலிலேயே நூல் அறும். வளைவுத் தையல் அல்லது ஓவர்லொக். ஊசியும் முனை மழுங்கிய ஊசியாக இருக்கவேண்டும், கூர் ஊசி லைக்ராவை ஓட்டை போடும்.

வலைக் கோடுகளைத் துணி பெயின்டில் ஒருவர் கையால் போடலாம், ஆனால் உடுப்பை ஆளுக்கு மாட்டி, துணி இழுபட்ட நிலையில் போடவேண்டும். தட்டையாக விரித்துப் போட்டால் மாட்டியதும் பெயின்ட் வெடிக்கும்.

கண்ணுக்கு வெள்ளை வலைத்துணியை உள்ளே ஒட்டுங்கள், வெளியிலிருந்து கண் தெரியாது, உள்ளேயிருந்து பாதை தெரியும். கண்ணைச் சுற்றிக் கறுப்புச் சட்டத்துக்குப் பிள்ளைகள் விளையாடும் போம் பாய் போதும். வில்லனுக்குக் கவசம் செய்வதானாலும் அதே போம் பாய்தான். ரெஜிபோமில் (தெர்மோகோல்) செய்துவிட்டு மேலே ஸ்பிரே பெயின்ட் அடிக்காதீர்கள், அது ரெஜிபோமைக் கரைத்துவிடும்.

வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் எடுத்தால் பகலில் அந்த உடுப்புக்குள் ஆள் அவிந்து போவார். அரை மணிக்கொரு தடவை முகமூடியைக் கழற்றித் தண்ணீர் கொடுங்கள். துணியை நீங்கள் வாங்கித் தாருங்கள், தையல் கூலி எனக்கு வேண்டாம். படத்தில் கடை பெயரும் வேண்டாம். எனக்கும் ஒரு பொடியன் இருக்கிறான், அவனுக்குக் காட்டவேண்டும்.

சட்டம்_படிக்கிறேன்

உரிமை விஷயம் இழையில் மேலே வந்ததால் எழுதுகிறேன். 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்தான் இங்கே நடைமுறை. 11-ஆம் பிரிவில் நியாயமான பயன்பாடு பற்றி இருக்கிறது. எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள், மூலப் படைப்பின் சந்தைக்கு என்ன பாதிப்பு என்றெல்லாம் பார்ப்பார்கள். ரசிகர் படம் என்பதாலேயே அது தானாகப் பொருந்திவிடாது.

காசுதான் பெரும்பாலும் பிரச்சினையைக் கொண்டு வருகிறது. ஸ்டார் ட்ரெக் ரசிகர் படம் ஒன்றுக்குப் பொதுமக்களிடம் 10 லட்சம் டொலருக்கு மேல் திரட்டினார்கள். 2015 டிசம்பரில் வழக்கு வந்தது, 2017 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. இடையில் 2016-இல் வழக்குப் போட்ட நிறுவனங்கள் ரசிகர்களுக்கு விதிகளே வெளியிட்டன: தனிக்கதை 15 நிமிடத்துக்குள், திரட்டும் காசு 50,000 டொலருக்குள். அந்த விதி ஸ்டார் ட்ரெக்குக்கு மட்டும்தான். ஆனாலும் உங்கள் 12 நிமிடமும் 80,000 ரூபாயும் நல்ல அளவு. யூடியூபில் விளம்பர வருமானத்தை நிறுத்தி வையுங்கள், டிக்கெட் போட்டுக் காட்டாதீர்கள், ஸ்பைடர்மேன் படங்களின் இசையை ஒரு செக்கன்கூடப் போடாதீர்கள். இசைதான் முதலில் பிடிபடும்.

ட்ரோன் பறக்கவிடுவதானால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பாருங்கள். வாவிக்கு அக்கரையில் விமான நிலையம் இருக்கிறது, மறக்கவேண்டாம். என்னைக் கேட்டால் ட்ரோனை விட்டுவிடலாம்.

அக்கரை_ஒலி

அக்கரைப்பற்றிலிருந்து. படம் மங்கலாக இருந்தாலும் சனம் பார்க்கும், சத்தம் கேட்காவிட்டால் எழும்பிப் போய்விடும். கடற்கரையில் எடுத்த என் முதல் குறும்படத்தில் வசனம் முழுக்கக் காற்றுக்குள் போய்விட்டது. மைக்குக்கு ரோமத் துணி மாட்டுங்கள். சட்டைக்குள் சின்ன மைக் வைத்து இன்னொரு போனில் பதியுங்கள், தொடக்கத்தில் கை தட்டுங்கள், பிறகு பொருத்துவது லேசு. முகமூடிக்குள் பேசும் வசனத்தைப் பிறகு அறைக்குள் பதியலாம், வாய் தெரியாது என்பது உங்களுக்கு வரம்.

எனக்கு ஒரு ஆசை. ஆபத்து வரும் முன்பே ஸ்பைடர்மேனுக்கு உள்ளே ஒரு உணர்வு தட்டுமே, அதற்கு என்ன சத்தம் போடப் போகிறீர்கள்? கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் இருக்கும்போது இணையத்தில் தேடவேண்டாம். பௌர்ணமி இரவில் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்துக் கேட்பார்கள் அல்லவா, அதே துடுப்பில் அதிர்வைப் பிடிக்கும் ஒரு பியசோ தகட்டை ஒட்டி ரெக்கோடரில் பதியலாம். தகடு மிகவும் மலிவு. மெல்லிய தந்தி அதிர்வு மாதிரி வரும். அதைக் கொஞ்சம் கீழிறக்கிப் போட்டால், அந்த உணர்வு இந்த ஊர் வாவியிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். மழைக்கு முன்னம் செய்யவேண்டும். நான் வருகிறேன், கூலி வேண்டாம், சோத்துப் பார்சல் போதும்.

ஆரையம்பதி_அம்மா

பிள்ளைகள், என் மகன்தான் இந்த இழையைக் காட்டினான். வாசித்துவிட்டு மனம் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இரவில் முகத்தை மூடிய ஒருவன் கூரை மேலால் ஓடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். 2011 ஓகஸ்ட் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கிறீஸ் பூதம் என்று சொல்லி மட்டக்களப்பு, அம்பாறை முழுக்க ஒரு மாதம் நாங்கள் நித்திரை கொள்ளவில்லை. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு வந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்று ஊர் ஊராகப் பேச்சு. மாலை கருக்கலானால் பெண்கள் எல்லோரும் ஒரே வீட்டில் கூடிப் படுத்தோம். ஆண்கள் பொல்லோடு ஒழுங்கையில் காவல். ஓட்டில் ஒரு பூனை நடந்தாலும் ஊரே கத்தும். தெரியாத ஆளைக் கண்டு அடித்த இடங்களும் உண்டு.

அதற்குப் பிறகு 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. மட்டக்களப்பில் ஒரு தேவாலயத்தில் நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. சின்னப் பிள்ளைகள். முகத்தை மூடி ஒருவன் தோளில் பையோடு ஓடினால் இன்றைக்கும் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

படம் எடுக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பொடியனை எனக்கும் பிடிக்கும், பேரப்பிள்ளையோடு ரிவியில் பார்த்திருக்கிறேன். ஆனால் எடுக்கும் முன்பு ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டுப் படலையையும் தட்டிச் சொல்லுங்கள். பகலில் உடுப்போடு கூட்டிப் போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கள்ளனுக்கு விளையாட்டுத் துவக்குக் கொடுக்காதீர்கள், ஆமி மாதிரிப் பச்சைப் புள்ளி உடுப்பும் வேண்டாம். பொலிசில் எழுதிக் கொடுங்கள். அவசரத்தில் யாராவது பொல்லை எடுத்துவிட்டால் அந்தக் கராத்தேப் பொடியனுக்குத்தான் அடி.

வாவிக்கரை

அம்மா, வாசித்து முடித்த பிறகு எழும்பி வெளியே போய்விட்டேன். 2011-இல் எனக்கு எட்டு வயது. என் பெரியம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. கையில் அலவாங்கு (கடப்பாரை) வைத்திருந்தா. நான் எழுதிய கதையில் அந்த இரவு இல்லவே இல்லை. எங்கேயோ பார்த்த படத்தை ஒழுங்கைக்குள் கொண்டு வந்து வைத்திருந்தேன்.

படுவான்

தம்பி, கதை இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அந்த இரவை எடுங்கள்.

களரி

நானும் அதையே சொல்ல வந்தேன். ஊர் தன்னைப் பார்த்துப் பயப்படுகிறது என்று நாயகனுக்குத் தெரிய வரும் இடம். ஒரு வசனமும் இல்லாமல் உடம்பால் மட்டும் நடிக்கவேண்டிய இடம். அதை நான் பழக்கித் தருகிறேன்.

எழுவான்

அப்படியானால் ஆடும் காட்சியையே எடுத்துவிடலாமா? ஒழுங்கைக்குள் ஒளிந்து ஒளிந்து போகும் பொடியனுக்கு அது தேவையில்லையே. எனக்குக் கவலை இல்லை. அந்த நேரத்தில் வலைக் கம்பியையும் வானத்தையும் ஒழுங்காகச் செய்கிறேன்.

இரவுக் காட்சிக்கு நடுச்சாமம் வரை நிற்கத் தேவையில்லை. சூரியன் விழுந்த பிறகு நம் ஊரில் 20 நிமிடம் சொச்சம்தான் கருக்கல் வெளிச்சம் நிற்கும். அந்த நேரத்தில் எடுத்தால் வானத்தில் நீலம் இருக்கும், போன் கமராவில் புள்ளி விழாது. ஒரு நாளைக்கு இரண்டு ஷொட்தான் கிடைக்கும். ஒத்திகையை நாலு மணிக்கே முடித்து ஆயத்தமாக நில்லுங்கள்.

வாவிக்கரை

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னியுங்கள். கதை மாறிவிட்டது. 2011, ஒரு கருக்கல் நேரம். பொடியன் உடுப்போடு கூரை மேல் இருக்கிறான். கள்ளனைத் துரத்தி வந்தவன். கீழே பெண்கள் சத்தம் போடுகிறார்கள், அவனைத்தான் பூதம் என்கிறார்கள். ஆண்கள் பொல்லோடு வருகிறார்கள். அவனால் எல்லோரையும் தாண்டிப் பாய முடியும். பாயாமல் இறங்குகிறான். முற்றத்தில் அலவாங்கோடு நிற்கும் பெரியம்மாவுக்கு முன்னால் மெதுவாக முழங்காலிட்டு முகமூடியைக் கழற்றுகிறான். அதோடு படம் முடிகிறது. பாலத்துச் சண்டை இல்லை. பழைய பாலம் ஒரு ஷொட்டில் மட்டும் வரும், அவன் தனியாக நடந்து போவதாக.

ஒழுங்கையில் 31 வீட்டுக்கும் போய்ச் சொன்னோம். பொலிசிலும் கடிதம் கொடுத்தோம். பகலில் உடுப்போடு போனபோது பிள்ளைகள் சைக்கிளில் பின்னாலேயே வந்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் ஒரு அம்மா கதவைத் திறக்கவில்லை. ஜன்னலுக்குள்ளால் "அதை முதலில் கழற்று மனே" என்றா. கழற்றினான். பிறகு திறந்து பிளேன்ரீ தந்தா. அந்தக் காட்சியை அப்படியே வைத்தால் போதும் என்று நினைக்கிறேன்.

பெரியம்மாவாக நடிக்க ஆள் கிடைக்கவில்லை. ஆரையம்பதி அம்மா, உங்களைக் கேட்கலாமா?

ஆரையம்பதி_அம்மா

நான் நடித்ததே இல்லை மகன். அலவாங்கு பிடித்திருக்கிறேன். என்றைக்கு வரவேண்டும் என்று சொல்லுங்கள்.

கல்முனை_தையல்

உடுப்பு முடிந்தது. முழங்கால் மட்டும் மண்ணில் இருக்கிற காட்சி என்றதால் அந்த இடத்தில் உள்ளே இன்னொரு துணி வைத்துத் தைத்திருக்கிறேன். சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன்.

அக்கரை_ஒலி

அடுத்த பௌர்ணமிக்குத் தோணி பேசியாயிற்று. துடுப்பு மரத் துடுப்பாக இருக்கவேண்டும், பிளாஸ்டிக் வேண்டாம், அதில் சத்தம் ஏறாது. இரவு பத்து மணிக்குப் பாலத்தடியில் நிற்பேன். பிரதான வீதி வாகனச் சத்தம் குறைந்த பிறகு பதிவோம். ஹெட்போன் இரண்டு கொண்டு வாருங்கள், அம்மாவும் வருவதானால் மூன்று.